உறைபனிக் காலத்தில் நாயுடன் 20 கிலோமீட்டர் ஓட்டம்: எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி: நெடுவழி

அனைவருக்கும் வணக்கம். குளிர்காலத்தில் நாயை உடன் அழைத்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடுவதைப் பற்றி, அனுபவமும் மருத்துவ அறிவும் உள்ளவர்களிடம் விளக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

என் நாய்க்கு மூன்று வயது நிறைந்துவிட்டது. கலப்பினப் பெண் நாய், எடை 24 கிலோ, குட்டை மயிர், நீண்ட கால்களும் ஒட்டிய வயிறும் கொண்ட ஒல்லியான உடல்வாகு. இலையுதிர் காலம் முழுவதும் 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான ஓட்டங்களுக்கு என்னுடன் வந்தாள், ஒருமுறைகூடப் பின்தங்கியதில்லை. வசந்த காலத்தில் மாரத்தான் ஒன்றில் கலந்துகொள்ள இருப்பதால், இனி வாரத்தில் ஒரு நாள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தை நிதானமாக ஓட வேண்டியிருக்கிறது. அதற்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இப்போது காலை வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறது. பாதையின் தொடக்கம் உப்புத் தூவப்பட்ட நடைபாதை. அதன் பிறகு மிதிபட்டு இறுகிய பனி படிந்த காட்டுவழி. நடுவில் உறைந்த ஏரி ஒன்றின் கரையோரமாகச் சிறிது தூரம் செல்ல வேண்டும்.

இந்தக் குளிரில் இவ்வளவு நேரம் ஓடுவதை அவள் உடல் தாங்குமா, ஓடும்போது அவளுக்குச் சட்டை அணிவிக்க வேண்டுமா, பாதங்களை எப்படிக் காப்பது, தண்ணீர் எவ்வளவு எடுத்துச் செல்வது என்பவை என் ஐயங்கள். இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று: அவள் தானாக ஒருபோதும் நிற்க மாட்டாள். நான் ஓடிக்கொண்டிருக்கும் வரை அவளும் ஓடுவாள். அப்படியிருக்கையில் அவளுக்குப் போதும் என்பதை நான் எந்த அடையாளத்தைக் கொண்டு அறிவது?

மறுமொழி 1: பசும்புல்

கால்நடை மருத்துவம் என் தொழில். பனி நீண்ட காலம் நிற்கும் பகுதிகளில் பணியாற்றியிருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விதான் முதன்மையானது. ஆயினும் அதற்கு விடை சொல்வதற்கு முன், ஓடும் நாயின் உடலில் வெப்பம் எப்படி உண்டாகிறது, எப்படி வெளியேறுகிறது என்பதைச் சற்று விளக்கிவிடுகிறேன். அது புரிந்தால் மற்ற கேள்விகள் பலவற்றுக்கும் விடை எளிதாகக் கிடைக்கும்.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதாவது நம்முடையதைவிட ஒரு டிகிரிக்கும் மேல் கூடுதல். ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும் என்பதால், நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமாகத்தான் அது தன் வெப்பத்தைப் பெரிதும் வெளியேற்றுகிறது. ஆகவே கோடையில் நாயை நெடுந்தூரம் ஓட விடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குளிர்ந்த காற்றில் அந்தச் சுமை குறைகிறது. பூச்சியத்துக்குக் கீழே 5 டிகிரி என்பது, சீராக ஓடிக்கொண்டிருக்கும் நலமான நாய்க்கு உண்மையில் உகந்த வெப்பநிலையே.

ஆபத்து வருவது ஓட்டம் நிற்கும்போது. காலணியின் கயிற்றைக் கட்டவோ தெரிந்தவர் ஒருவருடன் பேசவோ நீங்கள் சில நிமிடங்கள் நின்றால், தசைகளில் வெப்பம் உண்டாவது சட்டென்று குறைந்துவிடும். ஈரமான மயிரும் காற்றும் சேர்ந்து உடலிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உங்கள் நாய்க்குக் குட்டை மயிர். தோலுக்கு அடியில் கொழுப்பும் குறைவு. அடர்ந்த உள்மயிர் கொண்ட ஹஸ்கி போன்ற இனம் பனியில் படுத்து உறங்கும் அதே வெப்பநிலையில், இத்தகைய நாய் சில நிமிடங்களில் நடுங்கத் தொடங்கிவிடும். எனவே ஓட்டத்தின் இடையில் நிற்பதைத் தவிர்க்க முடிந்தவரை தவிருங்கள். நிற்க நேர்ந்தால் காற்றுப்படாத இடத்தில் நில்லுங்கள். மயிர் நனைந்துவிட்டால் அதன் வெப்பக் காப்பு பெருமளவு இழக்கப்படுகிறது என்பதால், பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் பெய்யும் மழையும் உருகிக் குழைந்த பனியும், பூச்சியத்துக்குக் கீழே 8 டிகிரியில் இருக்கும் உலர்ந்த குளிரைவிட மோசமானவை. பலர் இதைத் தலைகீழாகக் கணக்கிடுகிறார்கள்.

பாதங்களைப் பற்றி. பனியில் நாயின் பாதம் உறைந்துபோகாததற்குக் காரணம் உண்டு. பாத மெத்தைக்குள் வெதுவெதுப்பான குருதியைக் கொண்டுவரும் தமனிகளைச் சுற்றி நுண்ணிய சிரைகள் வலைபோல் நெருங்கி அமைந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கியிருக்கிறார்கள். உடலை நோக்கித் திரும்பும் குளிர்ந்த குருதி வழியிலேயே சூடேறிவிடுவதால் உடலின் உள்வெப்பம் வீணாவதில்லை. பாதமும் உறைநிலைக்குப் போவதில்லை. ஆகவே பெரும்பாலான நாய்களுக்குப் பாதத்தில் வரும் தொல்லை குளிரால் வருவதன்று. விரல்களுக்கு இடையிலுள்ள மயிரில் பனி ஒட்டி உருண்டு கட்டியாகி, ஒவ்வொரு அடியிலும் விரல்களைப் பிளப்பதுபோல் அழுத்துவது ஒன்று, மேலே கண்ணாடிபோல் உறைந்த பனியின் விளிம்பு மெத்தையைக் கீறுவது மற்றொன்று, உப்பு மூன்றாவது. விரலிடை மயிரை மெத்தையின் மட்டத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். ஓட்டத்துக்கு முன் பாதங்களுக்கென்றே விற்கப்படும் மெழுகைப் பூசினால் பனி ஒட்டுவது குறையும்.

சாலையில் தூவப்படுவது சாதாரண உப்பாக இருக்கலாம். கால்சியம் குளோரைடாகவும் இருக்கலாம். இரண்டாவது, நீரில் கரையும்போது வெப்பத்தை வெளியிடுவதோடு, வெடிப்புள்ள பாதத்தில் கடுமையாக எரிச்சலூட்டும். நாய் வீடு திரும்பிப் பாதத்தை நக்கும்போது உப்பு வயிற்றுக்குள் போய் வாந்தியை உண்டாக்கும். மிகுதியாகப் போனால் குருதியில் சோடியத்தின் அளவு ஏறி நரம்புகளையும் பாதிக்கும். ஆகவே வெதுவெதுப்பான நீரில் கால்களைக் கழுவி, விரலிடுக்குகள் வரை துடைப்பதை ஓட்டத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். வாகனங்கள் நிற்கும் இடங்களில் தேங்கிய நீரை நாய் நக்க ஒருபோதும் விடாதீர்கள். வாகனத்தின் குளிர்விப்பானில் ஊற்றப்படும் உறைதடுப்புத் திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அதன் சுவை இனிப்பு. சிறிதளவே சிறுநீரகங்களை அழித்துவிடும். முதலில் போதையேறியதுபோல் தள்ளாடும் நாய், பிறகு தேறிவிட்டதுபோலத் தோன்றும். அந்த இடைவேளையை நம்பிக் காத்திருந்தவர்களின் நாய்களைக் காப்பாற்ற முடிவதில்லை. நக்கியதாக ஐயம் எழுந்தாலே அந்த மணி நேரத்திலேயே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இனி, போதும் என்பதன் அடையாளங்கள். முன்னால் ஓடிய நாய் பக்கத்துக்கு வருவதும், பக்கத்தில் ஓடிய நாய் கயிறு இறுகும்படி பின்னால் வருவதும் முதல் அடையாளம். அது ஓட்டத்தை நிறுத்தாது, ஆனால் இடத்தை மாற்றிக்கொள்ளும். நாக்கு வழக்கத்தைவிட நீண்டு, நுனி அகன்று தட்டையாகத் தொங்கும். பின்னங்கால்கள் மாறி மாறி விழாமல் இரண்டும் சேர்ந்து துள்ளுவதுபோல் விழத் தொடங்கினால், இடுப்போ முதுகோ களைத்துவிட்டது. ஒரு பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தால் உடனே நின்று பாதத்தைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுக்கம் தெரிந்தால் அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தது. மறுநாள் காலை எழுந்திருக்கும்போது அது விறைத்து நடந்தால், முந்தைய நாளின் தூரம் அதற்கு மிகுதி என்று பொருள். இந்த அடையாளம் ஓட்டத்தின்போது தெரிவதைவிட நம்பகமானது.

எலும்பு வளர்ச்சி முடியாத இளம் நாய்களும் (பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதுக்கு மேலும் ஆகலாம்), பக் மற்றும் புல்டாக் போன்ற தட்டை முக இனங்களும், மூட்டு நோயோ இதய நோயோ உள்ளவையும் இத்தகைய ஓட்டத்துக்கு ஏற்றவை அல்ல. உங்கள் நாய் இவற்றில் அடங்கவில்லை. இருந்தாலும் 20 கிலோமீட்டருக்குப் போவதற்கு முன் ஒருமுறை இதயத்தையும் மூட்டுகளையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மறுமொழி 2: அதிகாலை

மருத்துவர் உடலைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் பாதையைப் பற்றிச் சொல்கிறேன். என் நாயுடன் பல குளிர்காலங்கள் ஓடியிருக்கிறேன். என் தேர்ந்த முடிவு இதுதான்: குளிர்காலத்து நெடுந்தூர ஓட்டத்தை, போய்த் திரும்பும் ஒற்றைப் பாதையாக ஒருபோதும் அமைக்காதீர்கள். 10 கிலோமீட்டர் போய்விட்ட பிறகு நாய்க்கு முடியவில்லை என்று தெரிந்தால், அந்த 10 கிலோமீட்டரையும் அது திரும்ப வந்தாக வேண்டும். நடந்து வந்தால் உடல் குளிர்ந்துபோகும், ஓடி வந்தால் காயம் பெரிதாகும். அதற்கு மாறாக, வீட்டையோ வாகனத்தையோ நடுவில் வைத்து 5 அல்லது 6 கிலோமீட்டர் சுற்றுகளாக ஓடுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பாதத்தைப் பார்க்கலாம், தண்ணீர் கொடுக்கலாம், தேவையென்றால் அவளை உள்ளே விட்டுவிட்டு மீதியை நீங்கள் தனியாக ஓடி முடிக்கலாம். நீங்கள் சொல்லும் காட்டுவழியில் குறுக்குப் பாதைகள் இருக்குமானால் இதை எளிதாக அமைத்துவிடலாம்.

12 கிலோமீட்டரிலிருந்து ஒரே தாவலில் 20-க்குப் போகாதீர்கள். வாரத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை கிலோமீட்டர் கூட்டுவதும், நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து ஓய்வளிப்பதும் நமக்குப் பொருந்துவதைப் போலவே நாய்க்கும் பொருந்தும். பனியில் கால் புதைந்து ஓடும்போது அதே தூரத்துக்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். புதிதாகப் பெய்த பனி நாயின் மார்பு வரை இருந்தால், நான் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவேன்.

தண்ணீர். சுற்றிலும் பனி இருக்கிறதே, அதைத் தின்றுகொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. பனியை வாயில் உருக்குவதற்கே உடல் தன் வெப்பத்தைச் செலவிட வேண்டும். கிடைக்கும் நீரோ மிகக் குறைவு. குளிரில் நாய்க்குத் தாகம் எடுப்பது வெளியே தெரியாது. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போய்க்கொண்டேதான் இருக்கும். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களை வளர்ப்பவர்கள், வெதுவெதுப்பான நீரில் சிறிது இறைச்சிச் சாற்றைக் கலந்து, ஓட்டத்துக்கு முன்பே நாயைக் குடிக்க வைப்பார்கள். அந்த முறையை நானும் பின்பற்றுகிறேன். வெறும் நீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் நாய் இதை விரும்பிக் குடிக்கிறது. வழிக்குக் கொண்டுபோகும் நீரைச் சட்டைக்கு உள்புறமாக, உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டால் உறையாது. வயிறு நிறைய உணவு கொடுத்துவிட்டு ஓட விடாதீர்கள். மார்பு ஆழமான நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பும், ஓடி முடித்து ஒரு மணி நேரம் கழித்தும் உணவு என்பதே என் வழக்கம்.

இன்னொன்று, இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஓட்டக்காரர்களுக்கான உணவுகளின் உறையைப் படித்துப் பாருங்கள். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம்மிலும், சில இனிப்புக் கூழ்களிலும் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருக்கும். அது நாயின் உடலில் இன்சுலினைத் திடீரென்று சுரக்கச் செய்து குருதிச் சர்க்கரையை வீழ்த்திவிடும், கல்லீரலையும் அழிக்கலாம். உலர் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. களைத்த நாய் கெஞ்சும்போது இரக்கப்பட்டு நம் உணவில் பாதியைக் கொடுத்துவிடுவது மிக எளிதாக நடந்துவிடக்கூடியது. அதற்கென்று தனியாக ஏதேனும் எடுத்துச் செல்லுங்கள்.

சட்டை ஓடும்போது தேவையில்லை என்பதே என் கருத்து. நிற்கும்போதும் வீடு திரும்பும்போதும் அணிவியுங்கள், போதும்.

மறுமொழி 3: இரட்டைத்தடம்

நான் கேனிக்ராஸ் ஓடுபவன். அதாவது இடுப்புப்பட்டையோடு நாயை இணைத்து, நாய் முன்னால் இழுக்க, பின்னால் ஓடும் விளையாட்டு. கயிற்றைப் பற்றி இதுவரை ஒருவரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

பனியில் கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஓடாதீர்கள். சறுக்கி விழும்போது கையை ஊன்ற முடியாமல் போவதோடு, தோள்மூட்டு விலகவும் கூடும். இடுப்பெலும்பின் மீது தாழ்வாக அமரும் அகன்ற பட்டையும், ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள, நடுவில் மீள்தன்மை கொண்ட கயிறும், நாய்க்குத் தோள்களின் அசைவைத் தடுக்காத ஹார்னெஸும் (மார்பைச் சுற்றி அணிவிக்கும் பட்டை) வேண்டும். கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டினால், இழுக்கும்போதெல்லாம் மூச்சுக்குழாய் நெரிபடும். குளிர்ந்த காற்றை வேகமாக இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அது நாய்க்குப் பெரும் துன்பம். தானாக நீண்டு சுருங்கும் கயிறுகள் ஓட்டத்துக்கு முற்றிலும் பொருந்தாதவை. பட்டையிலிருந்து ஒரே இழுப்பில் கழன்றுகொள்ளும் கொக்கி கட்டாயம் இருக்க வேண்டும்; தடித்த கையுறையோடு அதைக் கழற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே பழகிப் பாருங்கள்.

சரிவில் இறங்கும்போதும், கண்ணாடிபோல் உறைந்த இடங்களிலும் நாய் உங்கள் பின்னால் வர வேண்டும். இதற்கு ஒரு சொல்லை இப்போதே பழக்குங்கள். எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, எப்போதும் அதே சொல்லாக, அமைதியான குரலில் இருக்க வேண்டும். 24 கிலோ எடையுள்ள நாய் ஒரு முயலைக் கண்டு பாய்ந்தால், வறண்ட தரையில் நீங்கள் தடுமாறுவீர்கள். பனிக்கட்டியின் மீதோ நிச்சயமாக விழுவீர்கள். காலணியில் மாட்டிக்கொள்ளும் முள்தகடுகளும் உதவும். ஆனால் அவற்றோடு நாயின் காலை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுவும் நாய் உங்களுக்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோ இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம்.

ஏரிக்கரையைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள்; நான் அவ்வாறு கடக்க மாட்டேன். அந்தப் பகுதி முழுவதும் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. ஒரு மனிதர் நடப்பதற்குத் தெளிந்த, புதிய பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஓடை வந்து சேரும் வாயிலிலும், நாணல் அடர்ந்த விளிம்பிலும், பாலத்தின் அடியிலும் அது எப்போதும் மெல்லியதாகவே இருக்கும். மேலே பனி மூடியிருந்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. பனிக்கட்டி உடைந்து நாய் விழுந்துவிட்டால் அதன் பின்னால் ஏரிக்குள் இறங்காதீர்கள். குளிர்ந்த நீரில் விழுந்தவுடன் மூச்சு கட்டுப்பாடின்றித் திணறும். பத்து நிமிடங்களுக்குள்ளாகவே கைகால்கள் சொல்பேச்சுக் கேட்காமல் போய்விடும். கரையில் நின்றபடி, அது விழுந்த வழியிலேயே திரும்பி வரும்படி பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே மீட்புப் படைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நாயைக் காப்பாற்றப் போனவர் இறந்து, நாய் தானாகக் கரையேறிய நிகழ்வுகள் உண்டு. உங்களால் முடியுமானால், குளிர்காலம் முடியும் வரை அந்தக் கரையோரப் பகுதியையே பாதையிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இருட்டில் ஓடுவதானால் உங்களுக்கு நெற்றி விளக்கும், இருவருக்கும் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டைகளும் தேவை. ஒளிரும் கழுத்துவளையம் நாய்க்கு நல்லது.

மறுமொழி 4: வெண்சாம்பல்

மேலே எழுதியவர்களின் அறிவுரைகளை மதிக்கிறேன். ஆனால் அடிப்படையான ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது: மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர் நீங்கள், அந்த 20 கிலோமீட்டர் உங்களுக்குத்தான் தேவை. நாய்க்கு அதில் எவ்வளவு தேவை?

பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் இதைவிடப் பன்மடங்கு ஓடுகின்றனவே என்ற வாதம் இத்தகைய உரையாடல்களில் எப்போதும் எழும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அலாஸ்காவில் 1973 முதல் நடைபெறும் இடிடராட் ஓட்டத்தின் தூரம் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாய்கள் அதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. அடர்ந்த இரட்டை மயிர் உடையவை. ஓட்ட நாட்களில் கொழுப்பு மிகுந்த உணவாக ஒரு நாளைக்கு 10,000 கலோரி வரை உண்பவை. ஓட்டத்தின் இடையே ஒருமுறை 24 மணி நேர ஓய்வும், இருமுறை 8 மணி நேர ஓய்வும் விதிப்படி கட்டாயம். நாய்களுக்குப் பாத உறைகள் கொண்டுசெல்வதும் கட்டாயம். வழியெங்கும் கால்நடை மருத்துவர்கள் பரிசோதிப்பார்கள். 1925-இல் அலாஸ்காவின் நோம் நகருக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தைக் கொண்டுசேர்த்த புகழ்பெற்ற பயணமும் தொடரோட்டமாகவே நடந்தது. 1,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தத் தூரத்தை 20 வண்டியோட்டிகளும் ஏறத்தாழ 150 நாய்களும் பகிர்ந்துகொண்டார்கள். குட்டை மயிரும் ஒல்லியான உடலும் கொண்ட ஒரு நாயின் வாராந்திர ஓட்டத்துக்கு இவற்றை அளவுகோலாகக் கொள்வது முறையன்று.

ஆகவே, அதிகாலை அவர்கள் சொன்ன சுற்றுப்பாதை முறையில் ஒரு படி மேலே செல்கிறேன். முதல் இரண்டு சுற்றுகள், அதாவது 10 அல்லது 12 கிலோமீட்டர், அவளோடு ஓடுங்கள். பிறகு முடிந்தாலும் முடியாவிட்டாலும் அவளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக ஓடுங்கள். அவளைக் கவனித்துக்கொண்டே ஓடும்போது நீங்கள் உங்கள் வேகத்தில் ஓட முடியாது. உங்கள் வேகத்தில் கருத்தாக ஓடும்போது அவளைக் கவனிக்க முடியாது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முயல்வதால் இருவருக்கும் முழுமையான ஓட்டம் கிடைப்பதில்லை.

சட்டையைப் பொறுத்தவரை நான் மாறுபடுகிறேன். பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரியில் எதிர்க்காற்று வீசும்போது, அடிவயிற்றில் மயிரே இல்லாத நாயைச் சட்டையின்றி இரண்டு மணி நேரம் ஓட விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நெடுவழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஏரிக்கரையை நீக்கிவிட்டேன், காட்டுக்குள்ளேயே 6 கிலோமீட்டர் சுற்று ஒன்றை அமைக்க முடிகிறது. வெண்சாம்பல் அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு, இந்தக் குளிர்காலத்தில் அவளை இரண்டு சுற்றுகளுக்கு மேல் அழைத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அவள் உடன் வர வேண்டும் என்ற என் விருப்பத்தை அவளுடைய தேவையாக எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது இப்போது தெளிவாகிறது.

இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. சட்டையைப் பற்றி இருவர் இரு விதமாகச் சொல்கிறீர்கள். பசும்புல் அவர்களின் கருத்து என்ன? சுற்றின் மிகத் தொலைவான இடத்தில், வீட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி, அவள் நடுங்கத் தொடங்கிவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 5: பசும்புல்

சட்டையில் இருவர் சொல்வதும் அவரவர் நாய்க்குச் சரியே. உங்கள் நாய்க்கு, முதுகை மட்டும் மூடும் தடித்த சட்டையைவிட, மார்பையும் அடிவயிற்றையும் மூடும், காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை பொருத்தமானது. ஓடத் தொடங்கிப் பதினைந்து நிமிடம் ஆனதும் அதன் அடியில், முன்னங்காலுக்குப் பின்புறம், கையை விட்டுப் பாருங்கள். உலர்ந்து இதமாக இருந்தால் அப்படியே விடலாம். சூடாக இருந்து, நாயும் வழக்கத்தைவிட மிகுதியாக இரைத்தால் கழற்றிவிடுங்கள். சட்டையே நனைந்துபோயிருந்தால் அது இருப்பது இல்லாததைவிடக் கேடு. காற்றில்லாத, பூச்சியத்தை ஒட்டிய, உலர்ந்த நாட்களில் அவளுக்கு ஓடும்போது சட்டையே தேவைப்படாது. ஹார்னெஸுக்கு அடியில் துணி மடிந்து அக்குளில் உரசுகிறதா என்பதையும் பாருங்கள்.

நடுக்கத்தைப் பற்றி. நடுங்கும் நாயின் உடல் இன்னும் தன்னைச் சூடாக்கிக்கொள்ளப் போராடுகிறது, அதுவரை அச்சமில்லை. நிற்காமல், உங்களிடம் இருக்கும் சட்டையை அதற்கு அணிவித்து, காற்று மறையும் குறுகிய வழியில் மெதுவோட்டமாகவே வீட்டை நோக்கித் திரும்புங்கள். நடுக்கம் நின்ற பிறகும் நாய் மந்தமாகி, தள்ளாடி, அழைத்தால் திரும்பிப் பார்க்காமல் போகுமானால் அதுதான் நெருக்கடி; உடல் வெப்பநிலை 37 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் அதை நடக்க வைக்காதீர்கள். உங்கள் மேற்சட்டையால் போர்த்தி, தரையின் குளிர் ஏறாதபடி மடியில் அணைத்துக்கொண்டு, வாகனத்தோடு ஒருவரை வரவழையுங்கள். இதற்காகவே, நீங்கள் ஓடும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் உள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். தொலைபேசியை உடலோடு ஒட்டிய பையில் வைக்க வேண்டும், வெளிப்பையில் வைத்தால் குளிரில் மின்கலம் விரைவில் அடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தைத் துடைத்து, போர்வைக்குள் வைத்து, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புட்டிகளைத் துணியில் சுற்றி மார்பின் பக்கவாட்டில் வையுங்கள். கைகால்களின் மீது வைக்க வேண்டாம். கொதிநீரும் சூடான காற்றை வீசும் கருவியும் கூடவே கூடாது. காதுகளின் நுனியோ வாலின் நுனியோ வெளிறிச் சாம்பல் நிறமாகி விறைத்திருந்தால் தேய்க்காதீர்கள். உறைந்த திசு தேய்த்தால் கிழியும். மெதுவாகச் சூடேற்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளிர்காலம் என்பதால் உண்ணி இராது என்று எண்ணி அதற்கான மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பூச்சியத்துக்கு மேலே 4 டிகிரி அளவுக்கு வெப்பம் ஏறும் நாட்களிலேயே சில வகை உண்ணிகள் காட்டுவழிகளில் நடமாடத் தொடங்கிவிடும். பாதங்களைத் துடைக்கும்போதே காதுகளின் பின்புறத்தையும் தொடை இடுக்குகளையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

மறுமொழி 6: இரட்டைத்தடம்

பாத உறையைப் பற்றிச் சிறு குறிப்பு. உப்புத் தூவிய நடைபாதையைக் கடக்கும் வரை மட்டும் அணிவித்து, காட்டுவழி தொடங்கும் இடத்தில் கழற்றி இடுப்புப்பையில் வைத்துக்கொள்வது நல்ல முறை. நகமும் மெத்தையும் நேரடியாகப் பனியைப் பற்றும்போது நாய் உறுதியாக ஓடும். முதலில் வீட்டுக்குள் சில நிமிடங்கள் அணிவித்துப் பழக்குங்கள். தொடக்கத்தில் கால்களை உதறி உதறி நடக்கும், பிறகு மறந்துவிடும். மணிக்கட்டில் கட்டும் பட்டை கழன்று விழாத அளவுக்கு இறுக்கமாக இருந்தால் போதும். மேலும் இறுக்கினால் குருதியோட்டம் தடைப்பட்டு, எந்தப் பாதத்தைக் காக்க நினைத்தோமோ அந்தப் பாதமே குளிரில் உறையும். முன்னங்காலின் உட்புறத்தில் சற்று மேலே இருக்கும் நகம் உறையின் விளிம்பில் சிக்குகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பட்டையைக் கட்டுங்கள்.